அன்ஸாப் கடைசிக் காட்சிவரை இருந்த கதை

மாத்தளையிலிருந்து நாவுலைக்குப் போகும் பாதையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் உண்டு. அங்கே உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டுபவர் அன்ஸாப். வயது முப்பத்தாறு, வீடு பல்லேபொல. அவருக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. சாப்பிடுவதே நின்றபடிதான். நடப்பதற்குச் சம்பளம் தரும் வேலை கிடைத்தது அல்லாஹ் அருளிய ரஹ்மத் என்பார் மனைவி றிப்கா. இப்பேர்ப்பட்டவர், வேலை பார்த்தபடியே படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது ஆங்கில இலக்கியம்.

எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர: அமெரிக்க நாடகமும் கவிதையும். அதில் இரண்டு தடவை தவறினார். அறிவு குறைந்ததால் அல்ல. பரீட்சை மூன்று மணி நேரம். இரண்டாவது மணியில் அவர் எழும்பிவிடுவார். நாடகங்களைப் படித்ததும் அப்படித்தான். ஒரே குசினிக்குள் அடுப்பைச் சுற்றி நின்று ஒரு குடும்பம் மூன்று அங்கம் சண்டை பிடிப்பதைக் கடைசிக்கு முந்திய காட்சிவரை பொறுத்துக்கொள்வார். முடிச்சு அவிழப்போகும் நேரம் பார்த்துப் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். கவிதையில் அவர் மனதுக்குப் பிடித்த உத்தி ஒன்றே ஒன்று: வரி முடிந்தும் வாக்கியம் நிற்காமல் அடுத்த வரிக்குத் தாவுவது.

தோட்டத்திலோ கதைக்கோப்பு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கறுவாவில் அறிமுகம், மிளகுக் கொடியில் சிக்கல், சாதிக்காயைப் பிளந்து உள்ளே கொட்டையைச் சுற்றிய சிவந்த வசவாசியைக் காட்டும்போது உச்சம். முடிவு தோட்டத்துக் கடையில். அதை அங்கே நிற்கும் நிமலனிடம் விட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடிவிடுவார்.

"கிளைமாக்ஸ நீங்க எடுத்துக்கிறீங்க நானா, இந்த எண்ணெ பூசினா முடி முளைக்குமான்னு கேக்குறவனுக்குப் பொய் சொல்றது நானு," என்பான் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் நிமலன்.

மூன்றாவது தடவைதான் கடைசி. அதோடு பதிவு காலாவதி. பரீட்சை ஒரு சனிக்கிழமை, கண்டியில். அதே சனிக்கிழமை தோட்டத்துக்கு ஒரு பஸ் நிறைய அமெரிக்கர்கள் வருவதாக இருந்தது. வியாழன் மாலை முதலாளி ஸஹாப்தீன் ஹாஜியாரிடம் லீவு கேட்டார்.

"அமெரிக்காக்காரனே இங்க வாறான். அவன உட்டுட்டு அவன்ட நாடகத்தப் படிக்க நீ கண்டிக்குப் போறியா?"

"இது கடைசி சான்ஸ், ஹாஜியார்."

"சனிக்கிழமை நீ இங்க நிக்கணும். வேறொண்டும் பேசாதே."

அன்ஸாப் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பிறகு, "சரி, வாறேன் ஹாஜியார்," என்றார்.

நம்மவர்கள் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சொன்னால் ஏச்சு விழும். போகிறவர்தான் 'வாறேன்' என்பார். அன்ஸாப் விடைபெற்றார், ஹாஜியாரோ வாக்குறுதி பெற்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை, அன்ஸாபுக்கு விடுமுறை. "வாறேண்டு வாயாலயே சொல்லிட்டான்," என்று ஹாஜியார் நிமலனிடம் பெருமைப்பட்டார். விஷயம் தெரிந்த நிமலன் தைலப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பரீட்சை மண்டபத்தில் இரண்டாம் கேள்வி, நாடக முரணை விளக்கச் சொன்னது: பார்ப்பவர்களுக்குத் தெரியும், மேடையில் நிற்பவனுக்குத் தெரியாது. பஸ் இந்நேரம் வந்திருக்கும். ஹாஜியார் வாசலில் நிற்பார். அன்ஸாபின் பேனா விக்கியது.

இரண்டாவது மணி முடிந்ததும் கால்கள் வழக்கம்போல் ஆடத் தொடங்கின. பாதி எழும்பியும் விட்டார். அப்போதுதான் வாசலில் ஒப்படைத்த போன் நினைவுக்கு வந்தது. வெளியே போனால் போன், போனுக்குள் ஹாஜியார். மெல்ல உட்கார்ந்தார். மிச்சமிருந்தது அந்தக் குசினி நாடகத்தின் முடிவைப் பற்றிய கேள்வி. அந்தக் கடைசிக் காட்சியை அவர் அன்று காலைதான் வாசித்திருந்தார், கண்டி பஸ்ஸில் சனத்துக்குள் நசுங்கி, தப்பியோட வழியில்லாமல். மணி அடிக்கும்வரை எழுதினார்.

வெளியே வந்து பார்த்தால் பதினேழு தவறிய அழைப்புகள்.

"எங்கடா நீ? வாறேண்டு சொன்னியே!"

"பின்ன போறேண்டா சொல்லுறது, ஹாஜியார்? நீங்களே ஏசுவீங்களே."

ஹாஜியார் பேச்சை மாற்றினார்.

"நிமலன் அவங்களுக்குக் கராம்பு மரத்தக் காட்டி ஏலம்டு சொல்லியிருக்கான். திங்கக்கிழம வந்து சேரு."

"வாறேன்."

"இது எந்த வாறேன்?"

ஐந்து மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. சித்தி, அதாவது பாஸ். ஹாஜியார் இப்போது வருகிற எல்லோருக்கும் அவரைப் பட்டதாரி என்றுதான் அறிமுகம் செய்கிறார். அந்த அறிமுகம் முடிவதற்குள் அன்ஸாப் மிளகுக் கொடியடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.