ஆண்கள் வார்டு நோட்டு

செய்தி வந்தபோது நான் திட்டிக்கொண்டிருந்தேன். சலைன் பாட்டிலில் ஏற்றிய நேரத்தை எழுத மறந்த கௌரி என்ற நர்ஸ் எதிரே தலைகுனிந்து நின்றாள். போன் அடித்தது. "சிஸ்டர், அம்மா காலையில போயிட்டாங்க. மதியம் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்" என்றார் ஜரீனா சிஸ்டரின் மகன். போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினேன். பாதியில் வாய் நின்றுவிட்டது.

வேங்கிக்காலில் அவர் வீடு. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. இறங்கி வெயிலிலேயே நடந்தேன். முகத்தைப் பார்த்தேன், திரும்பினேன். ஒரு சொட்டு அழுகை வரவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1989இல் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். சில வருடங்களில் அவர் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பானார், நான் பெண்கள் வார்டுக்கு. என் வார்டில் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் வார்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வசந்தா, உன் வார்டுல பேஷன்ட் கூட அட்டென்ஷன்ல படுத்திருக்காங்கடி" என்று கிண்டல் செய்வார்.

அவர் வார்டு மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு நோட்டு தொங்கவிட்டது அவர்தான். மருந்து மாறிப்போனால், வேளை தவறினால் அதில் எழுத வேண்டும். "பேரு வேணாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுது" என்பார். எழுத வந்தவளிடம் அவர் கேட்பது இரண்டே கேள்வி. "பேஷன்ட் எப்படி இருக்காங்க?" அதைப் பார்த்துச் சரிசெய்த பிறகு, "நீ எப்படி இருக்கே?"

நிர்வாகத்துக்கு இது பிடித்துப்போய் எல்லா வார்டிலும் நோட்டு வைத்தார்கள். அதோடு விட்டார்களா? எந்த வார்டு பொறுப்பாளர் சிறந்தவர் என்று அளக்க, வருடக் கடைசியில் நோட்டுகளை வாங்கி வரிகளை எண்ணினார்கள். என் நோட்டில் இரண்டு வரி. அவர் நோட்டில் இடமே இல்லை. எனக்கு மேடையில் கேடயம், அவருக்கு மெமோ. கேடயத்தை வேண்டுமென்றே அவர் கண்ணில் படும்படி தூக்கிக்கொண்டு நடந்தேன். "நல்லா பளபளன்னு இருக்குடி. தூசி படியாம பாத்துக்க" என்றார்.

சில நாள் கழித்து, பிரஷர் பார்க்கும் கருவி இரவல் வாங்க அவர் வார்டுக்குப் போனேன். அவர் வரும்வரை நோட்டைப் புரட்டினேன். 'சிசேரியன் ஆன அம்மாவுக்கு ஊசி ஒரு மணி நேரம் தாமதம்.' அடுத்த பக்கத்தில் 'பிரசவமான பெண்ணுக்கு மாத்திரை மாறிவிட்டது.' ஆண்கள் வார்டில் சிசேரியனா! எண்ணியவர்கள் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. அந்த வரிகளில் பாதிக்குமேல் என் வார்டில் நடந்தவை.

"என் பொண்ணுங்க எதுக்கு இங்க வந்து எழுதறாங்க?" என்று கத்தினேன்.

"மெதுவா பேசு. உன்கிட்ட சொல்ல பயமாம். சொல்லாம விட்டா ஆபத்து யாருக்கு? எழுதிட்டுப் போனா நானே வந்து அந்தம்மாவைப் பாத்துக்குவேன்."

காரணமில்லாமல் என் வார்டுக்கு வந்து அரட்டை அடிப்பாரே, அது இதற்குத்தானா? வேவு பார்க்கிறார் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அந்தப் பொண்ணுங்கள நிக்க வெச்சு கேப்பாங்க. அப்புறம் எவளும் எழுத மாட்டா. எனக்கு ஒரு மெமோதானே, போடி."

நான் ஆபீசுக்குப் போகவில்லை. கேடயத்தைத் திருப்பித் தரவும் இல்லை. மேட்ரன் பதவி வந்தபோது அவர் ஃபைலில் அந்த மெமோ இருந்தது, என் ஃபைலில் பாராட்டு. ஓய்வு பெறும்வரை அவர் எனக்குக் கீழேதான் வேலை பார்த்தார். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே வருடங்கள் ஓடின. மேட்ரனானதும் வரிகளை எண்ணுவதை நிறுத்தினேன், என் வீரம் அவ்வளவுதான். "நோட்டுல கம்மியா இருந்தா சந்தோஷப்படாதே. யாரு எழுதலைன்னு பாரு" என்று ஒருமுறை சொன்னார். பார்த்தேனா? பெண்கள் வார்டு நோட்டு இன்றும் மெலிந்துதான் கிடக்கிறது.

அடக்கத்துக்கு மறுநாள் காலை அந்த நோட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க எழுதினேன். 'ஜரீனா சிஸ்டர் நோட்டில் இருந்தவற்றில் பாதிக்குமேல் எங்கள் வார்டுத் தவறுகள். தெரிந்தும் நான் மறைத்தேன். அந்த மெமோ எனக்கு வந்திருக்க வேண்டும்.' பேர் வேண்டாம் என்பார். நான் பேரையும் எழுதினேன்.

கௌரி படித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"மேடம், நேத்து ஆறாம் நம்பர் அம்மாவுக்கு ஒரு வேளை மாத்திரை விட்டுட்டேன்."

கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.

இருவரும் போய்ப் பார்த்தோம், டாக்டரிடம் சொன்னோம். அந்த அம்மா நன்றாக இருந்தார், இட்லி கேட்டார். திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது, இன்னொரு கேள்வி இருக்கிறதென்று. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு கேள்விகள்தான். இரண்டாவதை என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை.

"நீ எப்படி இருக்கே, கௌரி?"

அவள் அழுதுவிட்டாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.