சைமி கதவைத் திறக்கவில்லை

சைமிக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் அதற்காக அவள் பட்ட கேலியைவிடக் கட்டிக்கொண்டவனிடம் பட்டதுதான் அதிகம். விருந்தாளிகள் வந்தால் போதும், ரெய்னோவுக்குக் கொண்டாட்டம். "உ...உ...உருளைக்கிழங்கு இன்னும் போடவா?" என்று அவள் குரலிலேயே பேசிக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். கையில் பாத்திரத்தோடு அவளும் சேர்ந்து சிரிப்பாள். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. கடைக்குப் போனால்கூட வாயைத் திறக்காமல் வேண்டியதை விரலால் காட்டி வாங்கிவரப் பழகிவிட்டாள்.

அந்த ஜூலையில் அவர்கள் வாழ்ந்த சாவோ மாகாணத்து ஏரிகளெல்லாம் வெந்நீராய்க் கிடந்தன. மதியம் வானொலியில் எச்சரிக்கை வந்தது. கடும் புயல் வருகிறது, யாரும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். ஏரிக்கு அக்கரையில் வானம் ஊதா நிறமாக இருந்தது. ரெய்னோ ரப்பர் காலணியை மாட்டினான்.

"எங்க போ...போற?"

"படகை மேல இழுத்துக் கட்டணும்."

"படகு போனா போ...போகட்டும். வெளிய வ...வர வேண்டாம்னு சொல்றாங்க."

"பு...பு...புயலுக்குப் பயமா?" உதட்டைக் கோணிக் காட்டினான். "நீ கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்க, போ."

அவன் படகுத்துறையை எட்டுவதற்குள் காற்று வந்துவிட்டது. வீடு முனகியது. மின்சாரம் போனது. ஜன்னலில் ஆலங்கட்டி கல்லெறிந்தது. காட்டுப் பக்கம் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிகிற சத்தம். கடைசியாக ஒன்று மிக அருகில் விழுந்தது. சவுனா என்ற நீராவிக் குளியலறைக்குப் பக்கத்தில் நின்ற பெரிய தேவதாரு. அதன் அடியிலிருந்து ரெய்னோவின் குரல் எழுந்தது.

தொலைபேசியை எடுத்தாள். உயிரில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

முதலில் அதட்டினான். "ஏய்! கால் மாட்டிக்கிச்சு! ரம்பத்தைக் கொண்டு வா!" பிறகு கெஞ்சினான். அப்புறம் அவள் பெயர் மட்டும்தான் வந்தது.

"சை...சை...சைமி!"

அவள் கை கைப்பிடியிலேயே நின்றது. இன்னொரு தடவை கூப்பிட்டான், அதே மாதிரி. சைமி மழைக்கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். சமையலறைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

காற்று சீக்கிரமே அடங்கிவிட்டது. மழை அடங்கவில்லை. அது விடும்வரை அவளும் எழுந்திருக்கவில்லை. வெயில் எட்டிப் பார்த்த பிறகு, முறிந்த கிளைகளைத் தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்கு நடந்தாள். பண்ணைக்காரன் எஸ்கோ ரம்பத்தோடு ஓடிவந்து மரத்தை அறுத்தான். ரெய்னோவுக்கு உயிர் இருந்தது. வலது காலை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

"அந்தக் காத்துல யாரு வெளிய வர முடியும்?" என்று எஸ்கோதான் அவளுக்காகப் பேசினான்.

இலையுதிர் காலத்தில் ரெய்னோ வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நாளெல்லாம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் திரும்பாமலே கேட்டான்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அது நக்கல் இல்ல சைமி. குளிர்ல பல்லு அடிச்சுக்கிச்சு. பேச்சு வரல."

"தெ...தெரியும்," என்றாள் சைமி. "அப்பவே தெரியும்."

அவன் கூப்பிட்டால் இப்போதும் அவள் வருவாள். ஆனால் உடனே வருவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு எஸ்கோவின் மனைவி வந்திருந்தாள். "வேற எவளாவது இருந்தா உன்னை எங்கயாவது ஒரு இல்லத்துல தள்ளிட்டுப் போயிருப்பா ரெய்னோ. நீ கொடுத்துவச்சவன்," என்றாள்.

ரெய்னோ சைமியின் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "நல்லாப் பாத்துக்கிறா."

சைமி விருந்தாளிக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். ரெய்னோவின் கோப்பையை மேஜையின் மறுகோடியில் வைத்தாள். அவன் கை அவ்வளவு தூரம் எட்டாது. எடுத்துத் தரச் சொல்லி அவனும் கேட்கவில்லை.