மதி சொல்லும்வரை

எங்கள் வீட்டில் சுக்குக் காப்பிக்கு ஒரு சட்டம் உண்டு. ஊற்றுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது. குடிக்கிறவர் "மதி" என்று சொன்ன பிறகுதான் பாத்திரத்தை நிமிர்த்தலாம். மதி என்றால் மலையாளத்தில் போதும். நான் கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. போதும் என்ற சொல்லை எங்கள் வீட்டார் எந்தக் காலத்தில் தொலைத்தார்களோ தெரியாது, வீட்டுத் தமிழிலும் எங்களுக்கு மதிதான்.

என் கணவர் கோவில்பட்டிக்காரர். இருபது வயதில் வேலை தேடி இங்கே வந்தவர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இந்தச் சட்டம் அவருக்குத் தெரியாது. கூச்சத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். தம்ளர் நிறைந்து வெள்ளை வேட்டியில் வழிந்த பிறகுதான் எல்லோரும் பதறினார்கள். அவர் தானாகப் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை அவருடையது. எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தம்தான், வாய் ஓயாது.

சட்டத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் மதி சொல்வது தம்ளரின் விளிம்பைத் தொடும்போதுதான். அதற்கு முன்னால் நான் நிறுத்திவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "எனக்கு எம்புட்டு வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

பெயர்தான் காப்பி. காப்பித்தூள் போடும் வீடுகளும் உண்டு, நான் போடுவதில்லை. சுக்கைப் பொடியாக வாங்கவும் மாட்டேன், பொடி அடியில் சேறாகத் தங்கிவிடும். கடைத்தெருவில் முழுச் சுக்காக வாங்கி, தோல் சுரண்டி, அம்மிக் குழவியால் நாலு தட்டு. கூடவே மிளகு, கொத்தமல்லி விதை, கொஞ்சம் சீரகம். தண்ணீர் பாதியாக வற்றும்போது துளசியும் கருப்பட்டியும். கருப்பட்டி கரைந்ததும் இறக்கி வடிகட்ட வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரம்தான் அன்று என்னிடம் இல்லை, அல்லது இல்லை என்று நினைத்தேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. காக்கநாட்டில் வேலைக்குப் போகும் மகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, தலை கனமாக இருக்கிறது, ஒரு சுக்குக் காப்பி போடேன் என்றார். அதோடு விட்டாரா? யாருடைய படகிலோ எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் ஏறிய கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "கொஞ்ச நேரம் சம்சாரிக்காம இருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். சம்சாரம் என்றால் மலையாளத்தில் பேச்சு, எங்கள் வீட்டிலும் அதே அர்த்தம்தான். அவர் சிரித்துவிட்டுக் குடை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காப்பி போடவில்லை.

பதினோரு மணிக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது. விழுந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். உயிருக்குப் பயமில்லை, வலது கை பலமில்லை, பேச்சு நின்றுவிட்டது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம். கட்டிலில் கிடந்து என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. என் நாக்கில் அன்று சனி உட்கார்ந்திருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கோவில்பட்டியில் இருக்கும் அவர் தங்கைக்குச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சிதான் என் போனை வாங்கி, தனக்குத் தெரிந்த தமிழில் சேதி சொன்னார். "உங்க அண்ணனுக்கு சம்சாரம் போயி" என்றார். அண்ணன் பேச்சு போய்விட்டது என்று அவர் சொன்னார். அண்ணன் பெண்டாட்டி போய்விட்டாள் என்று அங்கே கேட்டிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் என் நாத்தனார் ரோஜா மாலையோடு வந்து இறங்கினாள். வீடு பூட்டியிருக்கவே யாரையோ கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். நான் வராந்தாக் குழாயில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, இருக்கீகளா? நீங்க போய்ட்டீகன்னுல்ல சொன்னாக." எனக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் சிரிப்பு வந்தது, இரண்டு நாளில் முதல் சிரிப்பு. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், மாலை இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது. எனக்கு வந்த மாலை எனக்குத்தான் பொருத்தம் என்று அப்போது தோன்றியது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் மூன்று நாள் வந்தாள். தினமும் யோசிக்காமல் அவர் சொல்லிவந்த வார்த்தை எது என்று கேட்டாள். மதி என்றேன். அப்படியானால் அதைச் சொல்ல அவருக்கு இடம் கொடுங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள் என்றாள். விழுங்குவதில் தடையில்லை என்று டாக்டரும் சொல்லியிருந்தார். தினமும் நாலு மணிக்குச் சுக்குக் காப்பி போட்டேன். அரை மணி நேரம் இப்போது தாராளமாக இருந்தது. ஆற வைத்து, அவர் முன்னால் மெதுவாக ஊற்றுவேன். முதல்நாள் மனசு கேட்காமல் விளிம்பில் நானே நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம். "சேச்சி நிர்த்தருது. சேட்டன் பறயட்டே" என்றாள். நிறுத்தக் கூடாது, அவர் சொல்லட்டும்.

அதன் பிறகு நிறுத்தவில்லை. தம்ளருக்கு அடியில் ஒரு தட்டை வைத்தேன். அவர் தம்ளரையே பார்ப்பார், உதடு கூடும், நெற்றி நரம்பு புடைக்கும். காப்பி வழிந்து தட்டில் நிறையும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கருப்பட்டி சிந்திச் சிந்திக் கட்டில் காலில் எறும்பு ஏறியது. துடைத்துத் துடைத்து என் கைக்கே சுக்கு வாடை வந்துவிட்டது. இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் நான் ஊற்ற ஆரம்பிக்கும்போதே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஊற்றிக்கொண்டே திட்டினேன். "யாருக்காக அடுப்படியில நிக்கறேன்? வாயைத் திறக்கக்கூட மனசு வரலியா? ஊரையே கூட்டற வாய்தானே இது?" எங்கேயோ ஆரம்பித்த திட்டு எங்கேயோ போனது. "நான்தானே சொன்னேன். சம்சாரிக்காம இருங்கன்னு நான்தானே சொன்னேன். தலை கனக்குதுன்னீங்க, ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேனா? உங்க வாயை அடைச்சதே நான்தான்." யாரிடமும், மகளிடம்கூட, சொல்லாமல் வைத்திருந்தது அது. கண் மறைத்தது. கை பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

"மதி."

கரகரத்த குரல், பாதிக் காற்று. ஆனாலும் அவர் குரல்தான். பாத்திரத்தைச் சட்டென்று நிமிர்த்தினேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். தட்டில் ஒரு சொட்டு இல்லை. தம்ளரில் பாதிதான் இருந்தது.