காமாக்ஷி என்று கூப்பிட்ட காலை

மாயம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தது எழுபதாம் வருஷம். புருஷன் பிச்சை யூதத்தெருவான ஜூ டவுனில் மசாலாச் சரக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கினான். அவள் அதே கிடங்கில் தரையில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கினாள். மூன்றாம் வருஷம் அடுக்கி வைத்த மூட்டைகள் சரிந்து பிச்சை செத்துப்போனான். பிள்ளைகுட்டி இல்லை. ஊருக்குப் போனால் அண்ணன் பெண்டாட்டிக்கு அடங்கிக் கிடக்க வேண்டும். அதற்கு இங்கேயே இருந்துவிடலாம் என்று இருந்துவிட்டாள்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற வெங்கிடராமன் வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். அவர் மனைவி காமாக்ஷி ஆசாரம் பார்ப்பவள். மாயம்மாள் கிணற்றடியைத் தாண்டி வரக்கூடாது. ஆனால் ஆறிப்போன காப்பியை ஒருநாளும் கொடுத்ததில்லை. எழுபத்தாறில் காமாக்ஷி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அந்தத் தம்பதிக்கும் குழந்தைகள் கிடையாது.

அதற்குப் பிறகுதான் வெங்கிடராமனுக்கு மறதி வந்தது. குளித்துவிட்டு மறுபடி குளிப்பார். எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போனவர் திரும்பி வர வழி தெரியாமல் படகுத்துறையிலேயே நின்றார்; தெரிந்த ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். ஒருநாள் அடுப்பில் சோறு தீய்கிற வாசனை வந்து, மாயம்மாள் யோசிக்காமல் சமையலறைக்குள் ஓடினாள். அவர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். "சாதம் போடேன்" என்றார். போட்டாள். அன்றிலிருந்து அந்த அடுப்பு அவள் பொறுப்பாயிற்று.

பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் கொடுத்த சீட்டுகளையெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத அவள் ஒரு தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்தாள். சில நாள் அவர் தெளிவாக இருப்பார். பேப்பர் படித்துச் சொல்வார். சில நாள் அவளையே காமாக்ஷி என்று கூப்பிடுவார். முதலில் "நான் மாயம்மா, சாமி" என்று திருத்திப் பார்த்தாள். திருத்தினால் அவர் பயந்துபோய் வீடெல்லாம் தேடினார். பிறகு அந்தப் பேருக்கும் ஏன் என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

எழுபத்தொன்பது ஆவணியில் ஒரு காலை, பத்திரம் எழுதும் அப்புவைக் கூட்டி வரச் சொன்னார். அப்பு முத்திரைத்தாளில் கரார், அதாவது ஒப்பந்தம், எழுதினான். சாகும்வரை மாயம்மாள் அவரைப் பார்த்துக்கொள்வது. அவர் காலத்துக்குப் பின் கிணற்றடியை ஒட்டிய இரண்டு அறைகளும் அவளுக்குச் சேர்வது. அவர் குமாஸ்தாக் கையெழுத்தை அழகாகப் போட்டார். அவள் கைநாட்டு வைத்தாள். அதற்குமேல் நாலு வருஷம் ஊட்டினாள், குளிப்பாட்டினாள், படுக்கையில் போனதை அலசினாள். எண்பத்து மூன்றில் அவர் போய்விட்டார்.

பாலக்காட்டிலிருந்து அவர் சகோதரி பிள்ளையான மருமான் வந்து காரியங்கள் செய்தார். கராரைப் பார்த்தவர் முன்சீஃப் கோர்ட்டுக்குப் போனார். மாமாவை மிரட்டிக் கையெழுத்து வாங்கினாள் என்பது ஒன்று. மாமாவுக்கு அப்போது புத்தி தெளிவில்லை என்பது இன்னொன்று.

மாயம்மாளுக்காக நின்றவர் விசாலாக்ஷி வக்கீல். தமிழிலேயே விளக்கிச் சொன்னார். இரண்டில் ஒன்று நின்றாலும் கரார் செல்லாது. ஆனால் விட்டு விட்டுப் புத்தி தெளிகிறவர், தெளிந்திருக்கும் நேரத்தில் கையெழுத்துப் போட்டால் செல்லும். அந்த ஒரு காலை அவர் தெளிவாக இருந்தார் என்று காட்டினால் போதும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

கூண்டில் மாயம்மாள் நன்றாகத்தான் நின்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் காட்டிக் கேட்டபோதுகூட, நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு என்று சரியாகவே சொன்னாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார்: கையெழுத்துப் போடாவிட்டால் சோறு கிடையாது என்றுதானே அந்தக் கிழவரை மிரட்டினாய்?

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள்.

"நான் மிரட்டலைங்க" என்றாள். "அன்னிக்கிக் காலைல தோசை ஊட்டிக்கிட்டு இருந்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'காமாக்ஷி, நான் போனப்பறம் நீ தெருவில நிக்கப்படாது'ன்னாரு. கண்ணுல தண்ணி. அப்பறந்தான் அப்புவைக் கூப்பிடச் சொன்னாரு."

என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று வக்கீல் மறுபடி கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் வேறொன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். விசாலாக்ஷி மேஜைமேல் இருந்த காகிதக் கட்டைப் பார்த்தபடி குனிந்திருந்தார்.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மிரட்டல் நடக்கவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆனால் செத்துப்போன மனைவி எதிரே உட்கார்ந்திருப்பதாக நம்பிய மனிதர், எதை யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுத்ததாகச் சொல்ல முடியாது. கரார் ஆரம்பத்திலிருந்தே செல்லாது.

கோர்ட்டு வராந்தாவில் விசாலாக்ஷி இதை மாயம்மாளுக்கு எடுத்துச் சொன்னார்.

"அப்ப அவரு எனக்குக் குடுக்கலையா, வக்கீலம்மா?"

"சட்டப்படி இல்லை" என்றார் விசாலாக்ஷி. பிறகு, புத்தி தெளிவில்லாதவருக்குச் சோறும் மருந்தும் பார்த்தவர் செலவை அவர் சொத்திலிருந்து கேட்கலாம், அதற்குத் தனியாக ஒரு வழக்குப் போடலாம் என்றார்.

"ஊட்டுனதுக்குக் கணக்கா? வேண்டாம்மா."

சிங்கமாசம், நம் ஆவணி, வரை இருந்துகொள்ளலாம் என்று மருமான் சொல்லி அனுப்பினார். அவள் அந்த வாரமே கிளம்பினாள். பள்ளுருத்தியில் ஒரு ஒற்றை அறை கிடைத்தது. காலையில் பஸ் பிடித்துப் போய்ப் பழையபடி சுக்கு பொறுக்கினாள். வீடு போனதைப் பற்றிக் கிடங்கில் யாராவது இரக்கப்பட்டால் தலையாட்டிக்கொள்வாள். அவளை உறுத்தியது வேறு. பிச்சை போனபிறகு அவள் தெருவில் நிற்கக் கூடாதே என்று கவலைப்பட்டு அழுதவர் அவர் ஒருவர்தான் என்று அத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். அந்த அழுகையும் காமாக்ஷிக்குத்தான் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

அந்தக் கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாமே என்று கூட வேலை செய்த வீரலட்சுமி ஒருமுறை கேட்டாள். நடந்ததைத்தானே சொல்ல முடியும் என்றாள் மாயம்மாள். பிறகு முறத்தை இழுத்துக்கொண்டு குனிந்தாள்.