ஐம்பதாவது புடவையில் ஒரு சிவப்புப் புள்ளி

நான் சொல்லப்போவதை நம்பக்கூடிய ஆள் ஆரணியில் இன்னும் பிறக்கவில்லை. இருந்தாலும் சத்தியம் செய்து சொல்கிறேன்.

என்னுடைய ஆயிரம் பட்டுப்புடவைகளைச் சோதிக்கச் சென்னைக் கடையிலிருந்து இன்று ஒரு பெண் வந்தாள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பழுது இருக்காது என்று கடைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சரக்கு திரும்பினால், எனக்கு நெய்து தரும் முள்ளிப்பட்டுத் தறிகளுக்குக் கொடுக்க என்னிடம் வேலை இருக்காது.

நல்லதையெல்லாம் அடுக்கின் மேலே வைத்திருந்தேன். அவளோ கைபேசி காட்டிய எண்களைப் பார்த்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக ஐம்பதை உருவினாள்.

"நீங்க சொன்னது நெஜம்னு வெச்சுத்தான் பாக்கறேன் சார். அப்போ அம்பதுல ரெண்டு மூணுதான் பழுது வரணும்; அஞ்சு வரைக்கும் தற்செயல்னு விட்டுடலாம். ஆறு வந்தா மொத்தமும் ரிட்டர்ன்."

நாற்பத்தொன்பது புடவைக்குள் ஐந்து வந்துவிட்டது. என் வியர்வை பெருக்கெடுத்துப் போளூர் சாலையில் பஸ்கள் நின்றன.

ஐம்பதாவதின் முந்தானையில் சிவப்புப் புள்ளி.

"ஆறு" என்றாள்.

என் மனைவி ஓடிவந்தாள். "கறை இல்ல கண்ணு, குங்குமம்! காலைலருந்து பயந்துகினு அடுக்குக்கு ஒரு பொட்டு வெச்சிகினு இருந்தாரு இந்த மனுஷன்!"

அந்தப் பெண் முந்தானையைத் தட்டினாள். பொடி உதிர்ந்தது. துணி சுத்தம். சரக்கு பாஸ்.

"அப்ப நான் சொன்னது நெஜம்னு ஆயிடுச்சு!" என்று நிமிர்ந்தேன்.

"இல்ல சார். பொய்னு சொல்ல ஆதாரம் பத்தல. அவ்ளோதான்."

"எங்கிட்ட நிறைய இருக்குது, காபி குடிச்சிகினே கேளு" என்றாள் மனைவி.

வியர்வை வெள்ளமும் ஆயிரம் புடவையும் நான் அளந்துவிட்ட கைச்சரக்கு. குங்குமம் மட்டும் உண்மை. உங்களிடமும் ஆதாரம் இருந்தால், தயவுசெய்து என் மனைவிக்கு அனுப்பாதீர்கள்.