கைப்பிடியில் கட்டிய சிவப்புத் துண்டு

பீமா போய்விட்டான்.

காலையில் போன் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த யார்டில் பெல்ட்டுக்கு அடியில் கரித்தூள் கூட்டும் கோவிந்தம்மா. "அண்ணாத்தே... உன் தோஸ்து பூட்டாம்பா" என்றாள்.

ரூமில் தூங்கும்போது நெஞ்சுவலி என்று கான்ட்ராக்டர் சொல்கிறாராம். ஒடிசாவில் இருக்கும் அவன் மனைவிக்கும் போனில் அப்படியே சொல்லியாகிவிட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கரி யார்டு. பெயர் வேண்டாம், எழுதினால் பதிவு நிற்காது. அங்கே கரியைச் சுமந்து ஓடும் ரப்பர் பெல்ட்டுக்கு மேலிருந்து கரி இறக்கும் பெரிய இரும்புத் தொட்டி, ஹாப்பர் என்போம். மழைக்காலத்தில் ஈரக் கரி அதில் அடைத்துக்கொள்ளும். ஒருவன் கடப்பாரையோடு உள்ளே இறங்கிக் குத்திவிட வேண்டும்.

அப்போது கீழே பெல்ட் நிற்க வேண்டும். ஓடினால் கரியோடு ஆளையும் இழுத்துக்கொள்ளும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஷிப்டுக்குப் போகிறேன். பெல்ட் நிற்கிறது. சுவிட்ச் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு.

"எவன்டா அது, சுவிட்ச்சு மேல துண்டு காயப்போட்டுகினு? கலீஜ் பசங்களா!" என்று அவிழ்த்துக் கீழே எறிந்தேன். கைப்பிடியில் கை வைத்தேன்...

"அண்ணாத்தே! கைய எடு! உள்ள ஆளு கீது!"

கோவிந்தம்மா அன்று கத்தியிருக்காவிட்டால் இந்தப் பதிவை ஆறு வருஷத்துக்கு முன்பே நான் எழுதியிருக்க வேண்டும். ஜெயிலிலிருந்து.

ஹாப்பரிலிருந்து ஓர் ஒல்லி ஆள் ஏறி வந்தான். அவன்தான் பீமா. உடம்பெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை. அடிப்பான் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் நின்றேன்.

அவன் துண்டை எடுத்து உதறித் திரும்பவும் கைப்பிடியில் கட்டினான். என் கையைப் பிடித்து முடிச்சின் மேல் வைத்தான். பிறகு என் கையைத் தள்ளிவிட்டுத் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். திரும்ப உள்ளே இறங்கிவிட்டான்.

நான் அந்த சுவிட்சுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவன் வரும்வரை எழவில்லை.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஒடியா எனக்குத் தெரியாது. இந்தியில் பேசிப் பாரேன் என்றார்கள். அது அவனுக்கும் அரைகுறை, எனக்கோ வேண்டவே வேண்டாம்.

மறுநாளிலிருந்து நான் உள்ளே இறங்கினால் என் பச்சைத் துண்டு, அவன் இறங்கினால் சிவப்பு. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். வெளியே இருப்பவன் அவ்வப்போது ஸ்பேனரால் ஹாப்பர் தகரத்தில் ஒரு தட்டு தட்டுவான். உள்ளே இருந்து ஒரு தட்டு வந்தால் ஆள் நலம். டீ வந்துவிட்டால் இரண்டு தட்டு... அதற்கு மட்டும் பீமாவின் பதில் உடனே வரும்.

ஒருமுறை நான் மேலே ஏறி வந்து, துண்டை மறந்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் ஒரே கூச்சல். பீமா சுவிட்சை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நிற்கிறான். எதிரே இன்ஜினியர்.

"யோவ் பெருசு, நீ வெளிய இருக்கேன்னு உன் ஆளுகிட்ட சொல்லுய்யா!"

"எங்களுக்குள்ள பாஷையே இல்லியே சார், நான் இன்னாத்த சொல்றது?"

என்னைக் கண்ணால் பார்த்த பிறகும் பீமா நகரவில்லை. நான் போய் என் கையால் முடிச்சை அவிழ்த்த பிறகுதான் கையை இறக்கினான். என்னைவிடப் பிடிவாதக்காரன்.

போன வருஷம் கன்ட்ரோல் ரூம் வந்தது. மேலே ஏசியில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் பெல்ட் ஓடும். சந்தேகப்பட்டு ஒருநாள், பெல்ட்டை நிறுத்தக் கைப்பிடியைக் கீழே இழுத்துப் பார்த்தேன்.

பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

சத்தம் போட்டேன். "அதெல்லாம் மாத்தியாச்சு பெரியவரே, உங்களுக்குப் புரியாது" என்றார்கள். மனு எழுதிக் கொடுத்தேன், மூன்று முறை. மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று.

கிளம்புவதற்கு முன் பீமாவைக் கூட்டிப் போய்க் கைப்பிடியை இழுத்துக் காட்டினேன். ஓடும் பெல்ட்டைக் காட்டினேன். மேலே கன்ட்ரோல் ரூமைக் காட்டினேன். இப்படி நாலைந்து முறை.

அவன் தலையாட்டினான். என் தோளைத் தட்டினான். என் கண் கலங்கியிருந்தது. வேலை போன வருத்தத்தில் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ. புரிந்ததா என்று கேட்க எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேனே, அந்த இந்தியில்கூட...

காலையில் கோவிந்தம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அவன் துண்டு எங்கே?



"கைப்பிடிலதான் கட்டினபடியே கீது அண்ணாத்தே."

ரூமில் தூங்கினானாம்.

யாரையும் தொடவிடாதே என்றேன். "சூப்பர்வைசரு ரெண்டு தபா வந்தாரு, அத்த அவுத்துப் போடுன்னு. நான் சுவிட்ச்சு முன்னாடியே குந்திகினு கீறேன். நீ சீக்கிரம் வா" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு யார்டுக்குத்தான் போகிறேன். கேட்டில் விடமாட்டார்கள். பார்க்கலாம்.

அவன் மனைவி பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒடியா தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். அவளிடம் நான் பேச வேண்டும்.

போய் வா பீமா. உன் முடிச்சை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.