தம்பியின் வகுப்பில் அம்மா

எங்கள் அம்மா கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு ஆகிறது. முதலாண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்காக, மூத்த மகள் என்ற முறையில் அம்மாவைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி பெரியப்பா கேட்டுக்கொண்டார். நல்லதை மட்டும் எழுதும்படியும் சொன்னார். எழுத உட்கார்ந்தபோது, அடக்கத்தன்று கோயிலில் ஒருவர் ஆற்றிய உரைதான் காதில் ஒலித்தது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக அம்மாவும் தானும் சேர்ந்து பள்ளியில் ஒரு வகுப்பை உருவாக்கியதாக அவர் பேசினார். அழகாகப் பேசினார். உங்களில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டீர்கள். அன்று எழுந்து மறுத்துச் சொல்ல எனக்கு வலு இருக்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சிராங்கூன் சாலையின் குறுக்குத் தெரு ஒன்றில், மளிகைக் கடைக்கு மேலிருந்த வாடகை அறையில். தாத்தா நகராட்சியில் வேலை பார்த்தார். பிள்ளைகளில் மூத்தவரான அம்மா தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு தையல் கற்றார். அப்பாவைத் திருமணம் செய்தபின் புக்கிட் மேராவில் அரசின் வீவக அடுக்குமாடி வீடு கிடைத்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மாவுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில். கைவேகத்தாலும் கண்டிப்பாலும் சில ஆண்டுகளிலேயே சூப்பர்வைசர் ஆனார். அவர் வேலைக்குக் கிளம்பும்போது கைப்பையை மாட்டிக்கொள்ளும் மிடுக்கு இன்றும் எனக்குத் தெரிகிறது. அந்த வேலையை அவர் மிகவும் நேசித்தார்.

தம்பி பிறந்தபோது பிரசவம் கடினமாக இருந்தது. அவன் நடக்கவும் பேசவும் வெகு காலமாயிற்று. சிரிப்பான், பாடுவான், யாரைப் பார்த்தாலும் கை கொடுப்பான். ஆனால் சொன்னது புரிய நேரமாகும். பென்சில் விரல்களில் நிற்காது. மருத்துவர் சிறப்புப் பள்ளியில் பதிந்துவைக்கச் சொன்னார். நீண்ட நாள் காத்திருந்து, தம்பிக்கு ஏழு வயதாகும் நேரத்தில் அங்கே இடம் கிடைத்தது.

அப்போதுதான் டீச்சர் அத்தை வீட்டுக்கு வந்தார். அடக்கத்தன்று கோயிலில் பேசியவர் அவர்தான். அத்தை என்றால் உறவு இல்லை. எங்கள் புளோக்கிலேயே குடியிருந்தார், கோயில் பாடகர் குழுவில் அம்மாவின் பக்கத்தில் நின்று பாடுவார், தம்பியின் ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஞானத்தாயாக நின்றவர். அருகிலிருந்த தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப்போகிறோம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அங்க எல்லாம் அனுப்பாதீங்க அக்கா. ஒருதடவை அங்க போனா அவ்வளவுதான், முத்திரை குத்திடுவாங்க. என் ஸ்கூல்ல போடுங்க லா. அவன் என் பிள்ளை. நான் பார்த்துக்கிறேன்."

அப்பா தயங்கினார். அம்மா நம்பினார். சிறப்புப் பள்ளியில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். பையனோடு யாராவது வகுப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதானால் சேர்த்துக்கொள்ளலாம், ஆசிரியைக்கு அவன் சுமையாக இருக்கக்கூடாது என்றார். அம்மா அந்த வாரமே தொழிற்சாலை வேலையை விட்டார்.

அன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை அம்மா தம்பியோடு பள்ளிக்குப் போனார். கடைசி வரிசையில், குழந்தைகளுக்கான குட்டை நாற்காலியில், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கரும்பலகையில் டீச்சர் அத்தை எழுதுவதைத் தம்பியின் காதில் மெல்லச் சொல்லிக்கொடுப்பார். பென்சில் பிடிக்க முடியாதவனுக்காக, பழைய தொழிற்சாலைத் தோழிகளிடம் வெட்டுத் துணிகளை வாங்கி, எழுத்துகளைத் தடிமனாகத் தைத்தார். தம்பி விரலால் தடவித் தடவி முதலில் தன் பெயரை அறிந்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்த அம்மா உடை மாற்றாமலேயே அப்பாவிடம் அதைச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

கொஞ்ச நாளில் அந்தக் கடைசி வரிசைக்கு வேறு பிள்ளைகளும் வந்தார்கள். திக்கித் திக்கிப் பேசும் ஒரு சீனப் பையன், எழுத்துகளைத் தலைகீழாக எழுதும் ஒரு மலாய்ச் சிறுமி என்று, வகுப்போடு ஓட முடியாதவர்களை டீச்சர் அத்தை ஒவ்வொருவராக அம்மாவின் பக்கம் அனுப்பினார். அம்மா சந்தை மலாயையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் கலந்து சமாளித்தார். அவர் பள்ளி ஊழியர் அல்ல. யாரும் அவரை அந்த வேலைக்கு அமர்த்தவும் இல்லை. ஆனாலும் காய்ச்சல் என்றால்கூட வீட்டில் தங்கமாட்டார். அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பார்.

ஒருமுறை பெரிய அதிகாரிகள் பள்ளியைப் பார்க்க வந்தார்கள். அன்று மட்டும் அம்மாவைக் கேன்டீனில் இருக்கச் சொன்னார்கள். துணி எழுத்துகளை டீச்சர் அத்தைதான் எடுத்துக் காட்டினார். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பள்ளி கையாளும் முறை என்று தலைமையாசிரியர் விளக்கினாராம். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. பிள்ளைகளுக்கு நல்லது நடந்தால் போதும் என்று என்னை அடக்கிவிட்டார். அதற்குப் பின் டீச்சர் அத்தைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அம்மா பிரியாணி செய்து கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் வகுப்பின் இறுதித் தேர்வை வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறை அப்போதுதான் வந்திருந்தது. எந்தப் பள்ளியில் எத்தனை பேர் தேறினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தேர்வுக்கு முந்தின மாலை டீச்சர் அத்தை வந்தார். நான் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"தம்பி நாளைக்கு வரவேணாம் அக்கா. டெஸ்ட்டைப் பார்த்தா பயந்துருவான். அவனை நான் எப்படியும் அடுத்த வகுப்புக்குப் போட்டுடுறேன். நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

அம்மா அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். தம்பி தேர்வு நாட்களில் வீட்டிலேயே இருந்தான்.

பள்ளி விடுமுறை தொடங்குமுன் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். அப்பாவுக்கு வேலை, நான் அம்மாவோடு போனேன். தேர்வு எழுதாத பையனை எந்தப் பிரிவிலும் சேர்க்க முடியாது, இனி இந்தப் பள்ளி அவனுக்கு ஏற்றதல்ல என்றார். கடைசி வரிசையிலிருந்த மற்றப் பிள்ளைகளும் அதே நாட்களில் வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டிருந்தார்கள் என்பதும், தேர்வு எழுதாதவர்கள் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் சேரமாட்டார்கள் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. டீச்சர் அத்தை அறையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே டீச்சர் வரவேணாம்னு சொன்னீங்க?"

அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் எங்க அக்கா சொன்னேன்? அவனுக்கு உடம்பு முடியலைன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க."

அம்மா என் தோளைத் தொட்டு, போகலாம் என்றார். வகுப்பறையிலிருந்த துணி எழுத்துகளை எடுத்து வருகிறேன் என்று நான் சொன்னதற்கு, மற்றப் பிள்ளைகளுக்குத் தேவைப்படும், இருக்கட்டும் என்றார். அவற்றை எந்தப் பிள்ளையும் தொடவில்லை. அலுவலகக் கண்ணாடி அலமாரியில், பள்ளி வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே வைத்திருந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டோம்.

சிறப்புப் பள்ளியில் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்கவேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. தொடக்கத்தில் சில மாதங்கள் தம்பி காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். அம்மா ஏதாவது காரணம் சொல்லி உள்ளே அழைத்து வருவார். கற்றதில் பாதியை மறந்தான். பேசுவதும் குறைந்தது. தொழிற்சாலையில் அம்மாவின் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டதால் வீட்டிலேயே துணி தைத்துக்கொடுத்தார். பாடகர் குழுவிலிருந்து நின்றார். டீச்சர் அத்தையைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே காலைத் திருப்பலியை விட்டு மாலைத் திருப்பலிக்குப் போகத் தொடங்கினார். ஏன் என்று எங்கள் கோயில் பங்கில் யாரும் கேட்கவில்லை. அவர் மாறிவிட்டார், தலைக்கனம் என்று மட்டும் சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சும் எங்கள் வீடு வரை வந்தது.

கடைசியில் சிறப்புப் பள்ளி தம்பியைச் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்த ஆசிரியர்கள் பொறுமையாக அவனை மீட்டெடுத்தார்கள். இன்று அவன் ஒரு பட்டறையில் விமானப் பயணிகளுக்கான கரண்டி, முள்கரண்டிகளைப் பொட்டலம் கட்டுகிறான். தனியாகப் பேருந்தில் போய் வருகிறான். அந்தப் பாதையை அவனுக்குப் பழக்கியவர் அம்மா. நோயின் வலி தொடங்கிவிட்ட பிறகும், பேருந்து நிறுத்தத்தில் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று அவன் சரியான பேருந்தில் ஏறுகிறானா என்று பார்ப்பார்.

மருத்துவமனையில் இறுதி நாட்களில் அம்மா தெளிவாகவே இருந்தார். டீச்சர் அத்தையை மன்னித்துவிட்டீர்களா என்று ஒரு பிற்பகல் கேட்டேன். பெரியப்பாவும் அருகில் இருந்தார்.

"அவங்க கேட்கவே இல்லையேம்மா. கேட்காதப்ப நான் எதை மன்னிக்கிறது?" என்றார். பிறகு, "அந்தப் பொய்யைக்கூட விட்டுடலாம். ஸ்பெஷல் ஸ்கூல்ல கிடைச்ச இடத்தை வேணாம்னு சொல்லவெச்சாங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றார்.

அம்மா எல்லாரையும் மன்னித்துச் சென்றார் என்று எழுதினால் இந்த மலர் இன்னும் அழகாக இருக்கும். அது உண்மையல்ல.

அம்மாவின் நோய்க்காலத்தில் துணைநின்ற தாதியர்க்கும், நற்கருணையோடு வீடு தேடி வந்த பங்குத்தந்தைக்கும், முறைவைத்துச் சமைத்து அனுப்பிய புளோக் அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. குட்டை நாற்காலியில் உட்கார்ந்து கால் மரத்துப்போகும் அம்மாவுக்காக இடைவேளையில் தேநீர் ஆற்றிவைத்த மக்சி என்று எல்லாரும் அழைத்த கேன்டீன் மலாய் அம்மாவுக்கு நன்றி. திக்கிப் பேசிய அந்தச் சீனப் பையன் தொழிற்பயிற்சிப் பள்ளிச் சீருடையோடு அடக்கத்துக்கு வந்து, தம்பியின் பக்கத்தில் கடைசி வரை நின்றான். அவனுக்கும் நன்றி.

எழுதி முடித்ததைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டான். டீச்சர் அத்தை பேரையும் நன்றியில் போடச் சொன்னான். எதற்கு என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல சேர்த்துவிட்டாங்கல்ல, அக்கா" என்றான்.

அவன் சொன்னதை எழுதிவிட்டேன். பெயரை எழுத என் கை வரவில்லை.